திறப்பு விழாவுக்கு மறுநாள்தான் வியாபாரம் தொடங்குகிறது!

கம்மாபுரத்தில் ஒரு தையல் கடை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இரண்டு வாழைமரம். கடை முகப்பை மறைக்கும் அளவுக்கு பிளெக்ஸ் பேனர். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய், ‘திறப்பு விழா சலுகை’ என்று சத்தம் போட்டுவிட்டு வருகிறது. காலைப் பேப்பருக்குள் நோட்டீஸ். வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்வீட், காபி. அன்று கடை நிரம்பி வழிகிறது.

கடையின் சொந்தக்காரர் இதற்காகக் குழுக் கடனும் நகைக் கடனுமாக ஒரு லட்சம் ரூபாய் புரட்டியிருக்கிறார். மெஷின், ஓவர்லாக், கட்டிங் டேபிள் எல்லாம் சேர்த்து 45,000. கடை அட்வான்ஸ் 20,000. திறப்பு விழாச் செலவு 25,000. கையில் மீதி 10,000.

நாலாவது மாதம் வந்து பாருங்கள். பேனர் வெயிலில் வெளுத்துவிட்டது. நோட்டீஸில் யாரோ பஜ்ஜி சுற்றிச் சாப்பிட்டுவிட்டார்கள். ‘இங்கே ஒரு டெய்லர் கடை திறந்தாங்களே, இன்னும் இருக்கா?’ என்று பக்கத்துத் தெருவில் இருப்பவரே கேட்கிறார். கடை இருக்கிறது. தைப்பவரின் கையிலும் குறையில்லை. ஆனால், கடன் தவணை தேதி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, வாடிக்கையாளர்தான் வரவில்லை. இன்னொரு முறை ஆட்டோ விடலாம் என்றால் கையில் காசில்லை.

இந்தக் கடை கற்பனைதான். ஆனால், எந்த ஊர்க் கடைத்தெருவில் நின்று பார்த்தாலும் இப்படி ஒன்றிரண்டு கடைகள் கண்ணில் படும். கோளாறு தையலில் இல்லை, கடை இருக்கும் இடத்திலும் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிரித்துச் செய்திருக்க வேண்டிய விளம்பரத்தை ஒரே நாளில் செய்து முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் சிறு வியாபாரி எப்படித்தான் விளம்பரம் செய்வது? இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இதே கடலூர் மாவட்டத்தில் பிறந்த ஒரு சின்னப் பாக்கெட்டின் கதையே போதும்.

அப்பா கண்டுபிடித்தார்... மகன் விற்றார்!

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் மருந்துப் பொருட்களைச் சிறு அளவில் பாக்கெட் போட்டு விற்றவர். டின்னில் மட்டுமே கிடைத்த டால்கம் பவுடரையும், எப்சம் உப்பையும் சிறுசிறு பாக்கெட்டுகளாக்கினார். பணக்காரர்கள் வாங்கும் பொருளைக் கூலி வேலைக்குப் போகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வாங்க முடிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். திரவப் பொருளையும் இப்படிச் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று முயன்று பார்த்துச் சாதித்தவர் அவர். இன்று பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டின் பாட்டனார் என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால், அவர் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஏன்? அவருடைய மகன் சி.கே.ரங்கநாதனே பேட்டிகளில் காரணம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் புதிதாக உருவாக்கத் தெரிந்தது, அதை விற்கத் தெரியவில்லை. ஒரு பொருள் போகவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவார்.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு அண்ணன்கள் ‘வெல்வெட்’ ஷாம்பு பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கருத்து வேறுபாடு ஏற்பட்டு வெளியேறிய ரங்கநாதன், 1983-ல் கையிலிருந்த 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் இடம், 3,000 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் போடும் மெஷின். பொருளுக்கு அப்பாவின் பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்று பெயர் வைத்தார். அதுதான் பின்னாளில் ‘கவின்கேர்’ நிறுவனமாக வளர்ந்தது. கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயருக்குள்ளும் அப்பாவின் ‘சி’, ‘கே’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும்.

15,000 ரூபாயில் பெரிய விளம்பரம் செய்ய முடியுமா? முடியாது. அவர் என்ன செய்தார் என்பதை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நடிகை கடைசியில்தான் வந்தார்

முதலில் ஊர் ஊராகப் போனார்கள். அப்போது கிராமங்களில் பலருக்கு ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் ஒரு சிறுவனை உட்காரவைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஷாம்பு போட்டுத் தலையை அலசிக் காட்டினார்கள். ‘தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க’ என்றார்கள். கிராமங்களில் ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரம் காட்டி, படம் முடிந்ததும் பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய யோசனை. எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்! வீட்டில் குப்பைக்குப் போக வேண்டிய உறை கடைக்குத் திரும்பி வந்தது. மற்ற கம்பெனி ஷாம்பு வாங்கியவரும் சிக்கைப் பயன்படுத்திப் பார்த்தார். கொஞ்ச காலம் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். கடைக்கு வந்தவர்கள் ‘ஷாம்பு கொடுங்க’ என்று கேட்ட காலம் போய், ‘சிக் கொடுங்க’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 பாக்கெட்டாக இருந்த விற்பனை 12 லட்சத்தைத் தொட்டது.

அதற்குப் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. நடிகை அமலா நடித்த விளம்பரம் வந்தது அதற்கும் பிறகுதான். ஒரு படியில் வந்த லாபத்தை வைத்து அடுத்த படி ஏறினார்கள்.

இந்த வரிசைதான் பாடம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதல் நாளே அமலாவைத் தேடுகிறோம், அதாவது கைக்கு மீறிய விளம்பரத்தை. அது முடிந்ததும் அடுத்த அடி எடுத்துவைக்கப் பணம் இருப்பதில்லை.

இதில் இன்னொரு சேதியும் உண்டு. அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்க ரங்கநாதனுக்கு மூன்று வருடம் ஆனது. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. இவரிடம் அடமானம் இல்லை, ஆனால் இந்தச் சிறு நிறுவனம் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறது என்று வங்கியின் குறிப்பில் எழுதியிருந்ததாம். விடாமல் ஒழுங்காகச் செய்யும் வேலை வாடிக்கையாளர் கண்ணில் மட்டுமல்ல, மேனேஜர் கண்ணிலும் படும்!

மஞ்சப்பையும் தேதி காலண்டரும்

நம் ஊர் வியாபாரிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ‘மார்க்கெட்டிங்’ என்ற சொல் வருவதற்கு முன்பே அவர்கள் இதைச் செய்துவந்தார்கள்.

தினமும் கிழிக்கும் தேதி காலண்டரை நினைத்துப் பாருங்கள். ஆடிப் பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த வருடத்து காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். ஊர் மளிகைக் கடைக்காரர் கடை பெயரும் போன் நம்பரும் அச்சடித்து வாங்கிவைப்பார். ஒருமுறை கொடுத்தால் வீட்டின் நடுக்கூடத்தில் 365 நாள் தொங்கும். நல்ல நேரம் பார்க்க, ராகுகாலம் பார்க்க, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி குறிக்க என்று வீட்டில் ஒருவராவது தினமும் அதைப் பார்ப்பார். அந்தக் கடைக்காரர் யாரையும் ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடவில்லை. ஆனால், தினமும் கண்ணில் படுகிறார்.

மஞ்சப்பையும் அப்படித்தான். ஜவுளிக் கடையில் கல்யாணப் புடவை எடுத்தபோது கொடுத்த பை, அதற்குப் பிறகு ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் பஸ்ஸிலும் பல வருடம் பயணம் செய்யும். பிளாஸ்டிக் பை வந்து இடையில் அதை ஓரங்கட்டியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. தையல் கடைக்காரருக்கு இது சொல்லிவைத்ததுபோல் கிடைத்த வாய்ப்பு. வெட்டி மிஞ்சிய துணியிலேயே சின்னப் பை தைத்து, கடை பெயரை ஸ்டாம்ப் போல் அச்சுக் குத்தி, தைத்த பிளவுஸை அதில் வைத்துக் கொடுத்தால் செலவு நூலும் நேரமும்தான். பை வீட்டுக்கு வீடு பேசும்.

காலண்டர், பை இரண்டிலும் ஒரு பொது குணம் உண்டு. வாடிக்கையாளருக்கு அவை உபயோகமான பொருட்கள். அதனால்தான் தூக்கிப் போடுவதில்லை.

கைக்குள் ஒரு கடைத்தெரு

இன்று அந்தக் காலண்டரின் இடத்தில் போன் இருக்கிறது. பணம் செலவில்லாமல் செய்யக்கூடியவை இதில் நிறைய இருக்கின்றன. ஆனால், எல்லாவற்றையும் செய்ய ஆசைப்பட்டால் ஒன்றுமே நடக்காது. காலையில் சமையல், பகலில் தையல், சாயங்காலம் பிள்ளைகளின் பாடம் என்று ஓடுகிறவரால் தினமும் மூன்று ரீல்ஸ் போட முடியுமா? பத்து நாள் போடுவார், பதினோராவது நாள் விட்டுவிடுவார். வாரத்துக்கு இரண்டு பதிவு, ஆனால் வருடம் முழுக்க என்று தொடங்குங்கள். அதுதான் நிற்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ்: இந்த ஆப் இலவசம். கடை நேரம், முகவரி, கேட்டலாக் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கடை மூடியிருக்கும் நேரத்தில் மெசேஜ் வந்தால் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ மூலம் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். எனவே, துணி கொடுக்க வந்தவரிடமே ‘அக்கா, கடை நம்பரைப் போட்டு வெச்சுக்கோங்க. பிளவுஸ் ரெடியானதும் மெசேஜ் வரும்’ என்று சொல்லிச் சேமிக்கவைப்பது முக்கியம். ஊர் குரூப்பில் எல்லாம் தினமும் விளம்பரம் கொட்டினால் மியூட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஸ்டேட்டஸ்: 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் பயமில்லாமல் போடலாம். முடிந்த வேலையின் படம் ஒருநாள், வேலை நடக்கும் விதம் ஒருநாள். ‘பழைய பட்டுப் புடவை பார்டரை வீணாக்காமல் பாவாடை தைப்பது எப்படி?’ என்று காட்டினால் பத்து பேர் கேள்வி கேட்பார்கள். வாடிக்கையாளர் முகம் தெரியும் படம் என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். கேட்காமல் போட்ட ஒரு போட்டோ, பத்து வருட வாடிக்கையைக் கெடுத்துவிடும்.

கூகுள் மேப்: கடையை மேப்பில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. நெய்வேலியிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ ஒருவர் ‘பக்கத்தில் தையல் கடை’ என்று தேடினால் உங்கள் பெயர் வர வழி உண்டு. திறந்திருக்கும் நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவரிடம் ‘அதை அங்கே ரெண்டு வரி எழுதுங்களேன்’ என்று கேளுங்கள். காசோ சலுகையோ கொடுத்து நல்ல வார்த்தை எழுதவைப்பது கூகுள் விதிப்படி தவறு. யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், ‘கொண்டு வாங்க, சரிசெய்து தருகிறோம்’ என்று பதில் போடுங்கள். அதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அந்தப் பதில்தான் விளம்பரம்.

ஊருக்கென்று ஒரு நாட்காட்டி

எதைப் போடுவது, எப்போது போடுவது என்று ஒவ்வொரு வாரமும் யோசித்தால் சலிப்பு வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டால் கவலை இல்லை. அந்தப் பட்டியல் உங்கள் ஊரின் வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் பொங்கல், வடலூர் தைப்பூசம். மாசியில் விருத்தாசலத்திலும் ஸ்ரீமுஷ்ணத்திலும் மாசி மகம். கோடை வந்தால் பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும். ஜூனில் பள்ளி திறப்பு, யூனிஃபார்ம். ஆனியில் சிதம்பரம் தேர், அதன் பிறகு ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி, மார்கழியில் மறுபடியும் சிதம்பரம் தரிசனம். இதோடு நெய்வேலி என்.எல்.சி-யில் சம்பளம் வரும் நாள், அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் வாரம் எல்லாம் வியாபாரிகளுக்குத் தெரிந்த கணக்கு.

தையல் கடைக்காரர் தீபாவளிக்கு முந்தின வாரம் விளம்பரம் செய்தால் என்ன பயன்? அப்போது தைக்க நேரமே இருக்காது. ஒன்றரை மாதத்துக்கு முன்பே ‘இந்தத் தேதிக்குள் துணி கொடுத்தால் தீபாவளிக்கு நிச்சயம் கிடைக்கும்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் கொடுக்கவும் வேண்டும். முந்திரி விற்கிறவர் சீஸன் இல்லாத மாதத்தில் சும்மா இருக்க வேண்டாம். முழு முந்திரி, உடைத்த முந்திரி வித்தியாசம் என்ன, வண்டு வராமல் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தால், சீஸன் வரும்போது முதல் போன் அவருக்குத்தான் போகும்.

ஆயிரம் ரூபாய் கணக்கு

‘எவ்வளவு செலவு செய்யலாம்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு எளிய அளவுகோல் உண்டு. வியாபாரம் மந்தமான மாதத்திலும் உங்களால் எவ்வளவு எடுத்துவைக்க முடியுமோ அவ்வளவுதான் உங்கள் விளம்பரச் செலவு. அது 300 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆரம்பத்தில் பார்த்த கடைக்கே வருவோம். திறப்பு விழாவுக்குச் செலவான 25,000-ல் 7,000 ரூபாயில் விழாவை அடக்கமாக முடித்திருக்கலாம். மீதி 18,000-ஐ மாதம் ஆயிரமாகப் பிரித்தால் ஒன்றரை வருடத்துக்கு வரும். ஒரு மாதம் துணிப்பை, ஒரு மாதம் பள்ளிக்கூட வாசலில் சின்ன போர்டு, ஒரு மாதம் பழைய வாடிக்கையாளருக்குப் பொங்கல் காலண்டர். தவணைக்குப் பணம் போதாத மாதத்தில் கைமாற்று வாங்கும் நிலையும் வந்திருக்காது.

அடுத்த வேலை, எது பலன் தருகிறது என்று பார்ப்பது. இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம். அளவு நோட்டிலேயே ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ‘நம்ம கடை எப்படித் தெரியும்?’ என்று கேட்டு எழுதுங்கள். 3,000 ரூபாய்க்கு நோட்டீஸ் அடித்து நாலு பேர் வந்தால், ஒருவரை வரவழைக்க 750 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒரு பிளவுஸில் நிற்பது 100 ரூபாய் என்றால், அவர் எட்டாவது முறை வரும்போதுதான் அந்தக் காசு திரும்பும். அதே மாதம் ‘பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க’ என்று ஆறு பேர் வந்திருந்தால்? அந்த அக்காவுக்கு அடுத்த முறை கொக்கி, ஃபால்ஸ் வேலையை இலவசமாகச் செய்து கொடுங்கள். அதைவிட மலிவான, நல்ல விளம்பரம் கிடையாது.

கணக்குப் பார்க்காமல் நிறுத்தவும் வேண்டாம். மூன்று மாதமாவது ஒரு வழியைச் செய்துபார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே வாரத்தில் பலன் இல்லை என்று மாற்றிக்கொண்டே போனால், சின்னி கிருஷ்ணன் பொருளுக்குப் பொருள் தாவிய கதையாகிவிடும்.

சொன்ன சொல்தான் முதல் விளம்பரம்

எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அதைக் காப்பாற்றுவது கடைக்குள் நடக்கும் வேலைதான். ‘வியாழக்கிழமை ரெடி’ என்று சொல்லிவிட்டு ஞாயிறு வரை அலையவிட்டால், வாட்ஸ்அப்பில் போட்ட அழகான படம் எதுவும் உதவாது. தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். உணவுப் பொருள் விற்கிறவர் என்றால் பாக்கெட்டின் மேல் எடை, விலை, தயாரித்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். சர்க்கரை நோய் தீரும், முடி முழங்கால் வரை வளரும் என்பதுபோன்ற வாக்குறுதி வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஏமாந்தவர் திரும்பி வரமாட்டார். அவர் ஊருக்குச் சொல்லும் செய்திக்கு மைக் ஆட்டோவே தேவையில்லை.

சிக் ஷாம்புவின் முதல் விளம்பரமும் தொட்டுப் பார்க்கச் சொன்ன தலைமுடிதான். பொருள் நன்றாக இல்லாமல் இருந்திருந்தால், காலி பாக்கெட் ஐந்து சேரும் வரை யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் சின்னக் கடை வைத்திருப்பவராக இருந்தால், இன்று ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். இந்த வாரம் வந்து போனவர்களின் நம்பரை ஒரு பட்டியலாக்குங்கள். அவர்களில் யார், எதனால் வந்தார் என்று ஞாபகம் இருக்கும்வரை எழுதுங்கள். மந்தமான மாதத்திலும் எடுத்துவைக்க முடிந்த தொகை எவ்வளவு என்று அந்தப் பக்கத்தின் அடியில் குறித்துவையுங்கள்.

நாளைக் காலை அந்தப் பட்டியலில் முதல் பெயருக்கு ஒரு போன். ‘அக்கா, போன வாரம் வாங்கிட்டுப் போன பிளவுஸ் சரியா இருக்கா?’